பனங்கட்டை சொல்லாதது

கயிறு அவிழ்ந்த பிறகும் குண்டுமணிக்கு வட்டமாகத்தான் ஓடத் தெரிந்தது.

குண்டுமணி ஒரு குட்டை நாய். உடம்பெல்லாம் செம்மை, மூஞ்சி மட்டும் கறுப்பு. கருவேலங்காட்டை ஒட்டிய மாந்தோப்பில், கண் திறந்த கொஞ்ச நாளிலேயே அதை ஒரு முளைக்குச்சியில் கட்டிவிட்டார்கள். மாங்காய் திருட வருகிறவர்களைப் பார்த்துக் குரைப்பது அதன் வேலை. முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்ததில் தரையில் ஒரு வளையம் விழுந்துவிட்டது. அந்த வளையத்தில் புல் முளைப்பதே இல்லை.

காய் பறித்து முடிந்ததும், தோப்புக்காரர் மதியமானால் நாய்களை அவிழ்த்துவிட ஆரம்பித்தார். அவிழ்த்ததும் குண்டுமணி நாலு கால் பாய்ச்சலில் கிளம்பும். கிளம்பி, அதே வளையத்தில் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காரும்.

"நேரா ஓடுடா" என்று சொல்லும் வெள்ளச்சி.

"நேராத்தான்க்கா ஓடுறேன்" என்று சொல்லும் குண்டுமணி, வளைந்துகொண்டே.

வெள்ளச்சி அதே தோப்பின் இன்னொரு முளைக்குச்சியில் கிடந்த நெடுங்கால் நாய். தோப்புக்கு வருவதற்கு முன் ஆட்டு மந்தையோடு அலைந்தது. அதனால் ஓட்டம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியும். குண்டுமணி வட்டம் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அதற்கு அழுகை வரும். இந்தப் பயல் ஒருநாளாவது நேராக ஓடிப் பார்க்காமல் செத்துப் போய்விடுவானோ என்று நினைத்து ராத்திரியெல்லாம் புரளும்.

வெள்ளச்சிக்கு இன்னொரு குணமும் உண்டு. தன் மூக்கைப் பற்றி அதற்கு ரொம்பப் பெருமை. "என் மூக்கு இதுவரைக்கும் தப்புச் சொன்னதில்ல" என்று ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடும். அதைக் கேட்டுக் கேட்டு ஆந்தைகள் மாந்தோப்பை விட்டே போய்விட்டன என்று அணில்கள் கேலி பேசும். அது போகட்டும்.

காட்டுக்கு நடுவில் ஒரு குளம் இருந்தது. குளம் என்று பெயர்தான். மழை பொய்த்துப் பல வருஷமாகிவிட்டது. ஆடு அடைப்பதற்காக யாரோ அதன் கரையைச் சுற்றிக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வேலி கட்டியிருந்தார்கள். பிறகு ஆடுகள் வேறு பக்கம் போய்விட, குளத்தை நாய்கள் பிடித்துக்கொண்டன. சுற்றுவட்டாரத்தில் கட்டிக் கிடக்கும் நாய்களெல்லாம், அவிழ்த்துவிட்ட நேரத்தில் அங்கே வந்து இஷ்டத்துக்கு ஓடும். கயிறு கிடையாது, சங்கிலி கிடையாது, அதட்ட ஆள் கிடையாது. அவிழ்த்த பொட்டல் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

பொட்டலுக்குச் சில வழக்கங்கள் உண்டு. வருகிற நாய் வாயில் ஏதாவது தின்பண்டம் கவ்விக்கொண்டு வர வேண்டும். அதை வாசலில் உள்ள வாகை மரத்தடியில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். திரும்பும்போது தான் வைத்ததைத் தின்றுவிட்டுப் போகலாம். இது ஒன்று.

வாசலில் யாராவது வந்து குரல் கொடுத்தால், உள்ளே இருக்கிற அத்தனை நாய்களும் செய்கிற காரியத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்து முகர்ந்து பார்க்க வேண்டும். இது இன்னொன்று. வேண்டும் என்று கூடச் சொல்லக் கூடாது. அவர்களால் ஓடி வராமல் இருக்க முடியாது. நாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

மூன்றாவது வழக்கம்தான் முக்கியம். வாசலில் ஒரு பனங்கட்டை நட்டிருந்தது. விளையாடிவிட்டு வெளியே வருகிற ஒவ்வொரு நாயும் அதில் காலைத் தூக்கி நாலு சொட்டு விட்டுவிட்டுத்தான் போகும். உங்களுக்கும் எனக்கும் அது வெறும் நாற்றம். நாய்களுக்கு அது பேச்சு. யார் வந்தார்கள், என்ன தின்றார்கள், சந்தோஷமாக இருந்தார்களா, எல்லாம் அந்த நாலு சொட்டில் இருக்கும்.

வெள்ளச்சி பொட்டலைப் பற்றிக் கேள்விப்பட்டதும் சும்மா நம்பிவிடவில்லை. குண்டுமணியைத் தோப்பிலேயே விட்டுவிட்டுத் தனியாகப் போய்க் கட்டையை முகர்ந்து பார்த்தது. மறுநாள் மறுபடி போய் முகர்ந்தது. கட்டையின் அடியிலிருந்து உச்சிவரை ஒரே சந்தோஷ வாசனை. 'வயிறு குலுங்கச் சிரித்தேன்.' 'கால் வலிக்கிறது, ஆனாலும் நாளைக்கும் வருவேன்.' 'என் வயசே குறைந்துவிட்டது.' பயத்தின் வாசனை ஒரு சொட்டுக்கூட இல்லை.

வாகை மரத்தின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. நல்ல கொழுத்த காக்கை.

"காக்கையாரே, நீங்க தினமும் இங்கதான இருக்கீங்க. இந்த எடம் எப்படி?" என்று வெள்ளச்சி கேட்டது.

காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்தது. "இந்த வாசல் வழியா வெளிய வந்த ஒருத்தர்கூட அழுதுகிட்டு வந்ததில்ல தாயி. நான் பொய் சொல்ல மாட்டேன்."

அது உண்மைதான். காக்கை பொய் சொல்லவில்லை.

வெள்ளச்சி துள்ளிக் குதித்துத் தோப்புக்குத் திரும்பியது. "நாளைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேன். கட்டையை நல்லா மோந்து பார்த்துட்டேன். தங்கமான எடம்டா."

குண்டுமணி யோசித்தது. "எல்லாருக்குமே பிடிச்சிருக்காக்கா?"

"எல்லாருக்கும்."

"ஒருத்தருக்குக்கூடப் பிடிக்காமப் போகலையா?"

"அதான் சொல்றேன்ல. என் மூக்கு தப்புச் சொல்லாது."

"இல்லக்கா, இந்தத் தோப்பு மாங்காயே சில பேருக்குப் பிடிக்கல. அதான் கேட்டேன்."

அந்தக் கேள்வியில் விஷயம் இருந்தது. வெள்ளச்சி கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. ஆனால் குட்டை நாய் கேட்ட கேள்வி என்பதால் அது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் மதியம் இரண்டும் கிளம்பின. வெள்ளச்சி ஒரு எலும்பைக் கவ்வியிருந்தது. குண்டுமணி தோப்புக்காரர் வீட்டு முற்றத்தில் கிடைத்த கருவாட்டுத் தலையைக் கவ்வியிருந்தது. வழியெல்லாம் அதன் வாயில் எச்சில் ஊறியது. ஆனாலும் தின்னவில்லை. திரும்பி வரும்போது தின்னலாம் என்று மனசைக் கட்டுப்படுத்திக்கொண்டது.

வாகை மரத்தடியில் இரண்டையும் வைத்துவிட்டு வாசலில் நின்று வெள்ளச்சி குரல் கொடுத்தது.

உடனே பொட்டலில் புழுதி கிளம்பியது. உள்ளே இருந்த நாய்களெல்லாம் ஒரே பாய்ச்சலாக வாசலை நோக்கி வந்தன. குண்டுமணி அத்தனை நாய்களைச் சேர்த்துப் பார்த்ததே இல்லை. அதன் வால் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

"அக்கா, போயிடலாமா?"

"பயப்படாதடா. மோந்து பார்க்கத்தான் வர்றாங்க. அசையாம நில்லு."

ஈர மூக்குகள் காதிலும் கழுத்திலும் வயிற்றிலும் குத்தின. எல்லாருக்கும் முன்னால் நின்றது பூபதி. வாசலை அடைக்கிற மாதிரி அகலமான நாய். செங்கல் சூளையில் சங்கிலியில் கிடப்பது. அது குனிந்து குண்டுமணியின் முதுகின் மேல் மூக்கை வைத்தது. மூக்கே குண்டுமணியின் தலை அளவு இருந்தது. வெள்ளச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"என்னப்பா, பயந்துட்டியா?" என்றது பூபதி. குரல் தன்மையாகத்தான் இருந்தது. "இங்க எல்லாரும் நம்ம ஆளுங்க. வா, ஓடலாம்."

பூபதி கெட்ட நாய் இல்லை. அது கெட்ட நாயாக இருந்திருந்தால் வெள்ளச்சியின் மூக்கு அப்போதே கண்டுபிடித்திருக்கும்.

பொட்டல் நிஜமாகவே நன்றாக இருந்தது. தரை மெத்தென்று கிடந்தது. காற்று கரைக்கு மேலிருந்து சிலுசிலுவென்று வீசியது. வெள்ளச்சி முதலில் குண்டுமணியின் பக்கத்திலேயே நின்றது. பிறகு கொஞ்சம் தள்ளி நின்றது. அப்புறம் சடையன் என்கிற மயிர் அடர்ந்த நாய் வந்து, "ஒரு ஓட்டம் பார்த்துரலாமா?" என்று கேட்டது. வெள்ளச்சிக்குக் கால் பரபரத்தது. மந்தையை விட்டு வந்த பிறகு அது முழு வேகத்தில் ஓடவே இல்லை. குண்டுமணியைத் திரும்பிப் பார்த்தது. அது பொட்டலின் நடுவில் இருந்த இலந்தைப் புதரைச் சுற்றி வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று நாய்கள் வேடிக்கையாகப் பின்னால் ஓடின. குண்டுமணி சிரித்துக்கொண்டிருந்தது.

'சந்தோஷமாத்தான் இருக்கான்' என்று நினைத்து வெள்ளச்சி பறந்தது.

காதுகள் பின்னால் மடிய, கரையை ஒட்டி அப்படி ஓர் ஓட்டம். சடையன் பாதியிலேயே நின்றுவிட்டது. வெள்ளச்சி வாசலுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரை போய்விட்டது. அங்கே முள்வேலிக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றது.

நின்ற இடத்தில் அதன் மூக்கு துடித்தது.

வேலியின் அடியில் ஒரு ஓட்டை. ஒரு நாய் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நுழைகிற அளவு. முள்ளில் மயிர்க் கொத்துகள் சிக்கியிருந்தன. பழுப்பு மயிர், கறுப்பு மயிர், புள்ளி போட்ட மயிர். எல்லாம் வேறு வேறு நாய்களுடையவை. எல்லாம் குட்டை நாய்களுடையவை. சிலவற்றில் ரத்தம் காய்ந்திருந்தது. வெள்ளச்சி மெதுவாக மூக்கை அருகில் கொண்டுபோனது.

பயம். அத்தனையும் பயம். 'ஐயோ.' 'விடு.' 'அம்மா.'

இந்த நாய்களின் வாசனை பனங்கட்டையில் ஏன் இல்லை என்பது வெள்ளச்சிக்கு இப்போது புரிந்துபோயிற்று. சிரித்தவர்கள் வாசல் வழியாகப் போனார்கள். நின்று நிதானமாகக் காலைத் தூக்கிவிட்டுப் போனார்கள். உயிருக்குப் பயந்து ஓடியவர்கள் இந்த முள்ளுக்குள் புகுந்து போனார்கள். ஓடுகிறவன் எந்தக் கட்டையில் போய்க் காலைத் தூக்குவான்?

அப்போதுதான் பொட்டலின் நடுவிலிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம் வந்தது.

குண்டுமணியின் குரல். யாரோ அதன் பின்னங்காலைத் தெரியாமல் மிதித்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தக் குரல் முயலின் குரல் மாதிரி இருந்தது. துரத்திக்கொண்டிருந்த நாய்களின் காதுகள் ஒரே நேரத்தில் விறைத்தன. கண்கள் மாறின. இப்போது யாரும் சிரிக்கவில்லை. தூரத்தில் இருந்த நாய்களும் தலையைத் தூக்கின. பூபதியும் தலையைத் தூக்கியது.

"டேய், விடுங்கடா! அவன் நம்ம ஆளு!" என்று கத்திக்கொண்டே வெள்ளச்சி ஓடியது.

யார் காதிலும் விழவில்லை. குண்டுமணி ஓடியது. பாவம், நேராக ஓடியிருந்தால் தப்பித்திருக்கும். அதற்குத் தெரிந்த ஒரே ஓட்டம் வட்டம்தான். வட்டமாக ஓடுகிறவனைப் பிடிக்க வேகம் வேண்டியதில்லை, குறுக்கே வந்தால் போதும். பூபதி குறுக்கே வந்தது. ஒரே கவ்வு. குண்டுமணியின் தொடையில் பல் இறங்கியது.

வெள்ளச்சி பூபதியின் விலாவில் போய் மோதியது. பூபதியின் வாய் திறந்து குண்டுமணி கீழே விழுந்தது. அடுத்த கணம் பூபதி தோளால் இடித்த இடியில் வெள்ளச்சி உருண்டு போய்ப் புழுதியில் கிடந்தது. சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்பது அந்த ஒரு இடியிலேயே தெரிந்துவிட்டது.

"புதருக்குள்ள போடா! புதருக்குள்ள!"

குண்டுமணி இலந்தை முள்ளுக்குள் புகுந்து சுருண்டுகொண்டது. நாய்கள் புதரைச் சூழ்ந்துகொண்டன. முள் குத்தியதால் கொஞ்சம் தயங்கின. பூபதி மட்டும் தயங்கவில்லை. முன்னங்கால்களால் புதரின் வேரை வறட்டு வறட்டென்று பறிக்க ஆரம்பித்தது. மண் பின்னால் தெறித்தது. அது சின்னப் புதர்தான். கொஞ்ச நேரம் கூடத் தாங்காது.

வெள்ளச்சி எழுந்து நின்றது. இவர்களைப் புதரை விட்டு எது இழுக்கும்? எலும்பைக் காட்டினால் திரும்ப மாட்டார்கள். அழுதால் திரும்ப மாட்டார்கள். அழுகைச் சத்தம்தானே இவ்வளவுக்கும் காரணம்!

ஒன்றே ஒன்றுக்குத்தான் இந்த நாய்கள் செய்கிற காரியத்தைப் போட்டுவிட்டு ஓடும்.

"குண்டுமணி!" என்று அது கத்தியது. "நான் வெளிய போறேன். வாசல்ல கொரைப்பேன். கேட்டதும் என் வாசனையைப் பிடிச்சுக்கிட்டு நேரா வேலி ஓட்டைக்கு ஓடு. கேக்குதாடா?"

புதருக்குள்ளிருந்து பதில் வரவில்லை. கேட்டதோ இல்லையோ. நின்று தெரிந்துகொள்ள நேரமில்லை. தன்னை விட்டுவிட்டு அக்கா ஓடிவிட்டாள் என்று அந்தப் பயல் நினைத்துக்கொள்வானோ என்ற எண்ணம்தான் முள்ளைவிட அதிகமாகக் குத்தியது.

வெள்ளச்சி வேலி ஓட்டைக்கு ஓடியது. அது குட்டை நாய்கள் போட்ட ஓட்டை. வெள்ளச்சியின் உடம்புக்குப் பத்தாது. தலை போயிற்று. தோள் மாட்டிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு உந்து உந்தியது. முள் முதுகை இழுத்துக் கிழித்தது. வெள்ளை மயிர் சிவப்பாயிற்று. வெளியே வந்ததும் கரையைச் சுற்றி வாசல் பக்கம் ஓட ஆரம்பித்தது.

மந்தையில் ஓநாய்க்கு முன்னால்கூட அது இப்படி ஓடியதில்லை. கரைக்கு அந்தப் பக்கம் நாய்களின் உறுமல் கேட்டது. நடுநடுவே வேர் அறுகிற சத்தம் கேட்டது. குண்டுமணியின் சத்தம் கேட்கவே இல்லை. கத்துவது கேட்டால் பயம். கத்தாமல் இருந்தால் அதைவிடப் பயம்.

வாசல் வந்தது. வெள்ளச்சி பனங்கட்டைக்குப் பக்கத்தில் நின்று, இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி, இப்போதுதான் முதல்முறையாக வருகிற நாயைப் போலக் குரல் கொடுத்தது.

பொட்டலில் எல்லா நாய்களும் திரும்பின. ஒரு கணம் இரண்டு மனசாக நின்றன. பிறகு ஒன்று கிளம்பியது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் எல்லாம் சேர்ந்து புழுதி பறக்க ஓடி வந்தன. பூபதிகூடப் பறித்த பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தது. வழக்கம் அப்படி.

ஈர மூக்குகள் மறுபடி வெள்ளச்சியைக் குத்தின. இந்த முறை அவற்றில் ரத்த வாடை இருந்தது. வெள்ளச்சி அசையாமல் நின்றது. நாய்களின் தோள்களுக்கு மேலாகப் புதரைப் பார்த்தது.

குண்டுமணி வெளியே வந்தது! நொண்டிக்கொண்டு, உயிரோடு வெளியே வந்தது.

வந்து, புதரைச் சுற்றி வட்டமாக ஓட ஆரம்பித்தது.

வெள்ளச்சிக்கு உயிரே போய்விட்டது. ஒரு சுற்று. மறுபடி ஒரு சுற்று. இல்லாத கயிறு அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"ஏ, நீ உள்ளதான இருந்தே?" என்றது பூபதி, முகர்வதை நிறுத்திவிட்டு. "உன்னை ஏற்கெனவே மோந்தாச்சே." அதன் காதுகள் மெல்லப் பின்னால் திரும்பின. பொட்டலில் ஏதோ ஓடுகிற சத்தம் அதற்குக் கேட்டுவிட்டது.

இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. வெள்ளச்சி தலையைத் தூக்கி ஊளையிட்டது.

"குண்டுமணி! கயிறு இல்லடா! கயித்த மதியமே அவுத்தாச்சு! நேரா ஓடு!"

எல்லா நாய்களும் திரும்பின. பூபதி பாய்ந்தது.

குண்டுமணி நின்றது. தன் கழுத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்தது. மூக்கைத் தரையில் வைத்தது. அங்கே வெள்ளச்சியின் காலடி வாசனை இருந்தது. அந்த வாசனை வளையவில்லை. நேராகப் போயிற்று. குண்டுமணி அதைப் பிடித்துக்கொண்டு ஓடியது.

நேராக. பிறந்ததிலிருந்து முதல்முறையாக, வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி நேராக. மூன்று கால் ஓடின, நாலாவது கால் இழுபட்டது. பூபதி நெருங்கியது. வால் நுனிக்கு ஒரு சாண் தூரம். அரைச் சாண். குண்டுமணி ஓட்டைக்குள் புகுந்துவிட்டது. பின்னால் வந்த பூபதியின் மூஞ்சி முள்ளில் போய்ச் செருகிக்கொண்டது. அதன் அலறல் காடெங்கும் கேட்டது.

வாசலில் நின்ற நாய்கள் வெள்ளச்சியை மறந்துவிட்டு அந்தச் சத்தத்தை நோக்கி ஓடின. வெள்ளச்சி திரும்பியது. வாகை மரத்தடியில் காக்கை கருவாட்டுத் தலையைக் கொத்திக்கொண்டிருந்தது.

"உனக்குத் தெரியும்ல?" என்றது வெள்ளச்சி. "ஏன் சொல்லல?"

"நீ வாசலைக் கேட்டே, வாசலைச் சொன்னேன். வேலியைக் கேட்டியா?" காக்கை அலகைத் துடைத்துக்கொண்டது. "வேலி வழியாப் போறவங்க இதைத் திரும்ப எடுக்க வர்றதில்ல தாயி. எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல."

வெள்ளச்சி குண்டுமணியைத் தேடி வேலிக்கு வெளிப்பக்கமாக ஓடியது. நின்று பேச ஆரம்பித்தால் காக்கையைக் கடித்துவிடும் போல இருந்தது.

இரண்டும் தோப்புக்கு வந்து சேர்ந்தன. குண்டுமணியின் தொடைக் காயத்தை வெள்ளச்சி நக்கிவிட்டது. ரொம்ப நேரம் நக்கிக்கொண்டே இருந்தது.

"அக்கா, உன் மூக்கு தப்புச் சொல்லிடுச்சா?"

"மூக்கு சரியாத்தான்டா சொல்லுச்சு. நான்தான் ஒரே எடத்துல மோந்துட்டு, எல்லாம் தெரிஞ்ச மாதிரி வந்துட்டேன். நீ அன்னைக்கே கேட்ட. நான்தான் கேக்கல." அதற்குப் பிறகு வெள்ளச்சி தன் மூக்கைப் பற்றிப் பெருமை பேசியதே இல்லை. அணில்களுக்குக் கேலி பேச விஷயம் இல்லாமல் போயிற்று.

காயம் ஆறியது. குண்டுமணி இப்போது வளையத்தில் ஓடுவதில்லை. தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நேராக ஓடும். கோடிக்குப் போனதும் நின்று, காடு இருக்கிற பக்கம் பார்க்கும்.

ஒருநாள் மதியம், "அக்கா, நான் அந்தக் கட்டைக்குப் போகணும்" என்றது.

"உனக்கென்ன பைத்தியமா?"

"உள்ள போகல. கட்டைக்கு மட்டும்."

வெயில் கொளுத்துகிற நேரம். பொட்டல் காலியாக இருந்தது. குண்டுமணி பனங்கட்டையை நெருங்க நெருங்க அதன் உடம்பெல்லாம் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே காலைத் தூக்கியது. அந்த நடுக்கம், பல் இறங்கிய வலி, புதருக்குள் கேட்ட உறுமல், எல்லாம் அந்த நாலு சொட்டில் இறங்கின. கட்டையில் இருந்த சந்தோஷ வாசனைகளுக்கு நடுவே முதன்முதலாக ஒரு பயத்தின் வாசனை ஏறியது.

திரும்பினால், வாகை மரத்துக்குப் பக்கத்தில் பூபதி நின்றுகொண்டிருந்தது.

தனியாகத்தான் இருந்தது. மூஞ்சியில் முள் கிழித்த தழும்பு. வெள்ளச்சி பல்லைக் காட்டிக்கொண்டு குண்டுமணிக்கு முன்னால் போய் நின்றது. குண்டுமணி ஓடவில்லை. ஓடினால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும். மூச்சை மட்டும் அடக்கிக்கொண்டு நின்றது.

பூபதி மெதுவாக வந்து கட்டையை முகர்ந்தது. முகர்ந்துவிட்டு மறுபடி முகர்ந்தது. அதன் வால் தாழ்ந்தது.

"இது அன்னைக்கு நடந்ததா?" என்று கேட்டது.

"ஆமா" என்றது குண்டுமணி.

"நான் விளையாடுறோம்னுதான் நெனச்சேன்."

"நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன்."

பூபதி தலையைக் குனிந்தது. "அந்தச் சத்தம் கேட்டா எனக்கு என்ன ஆகுதுன்னு எனக்கே தெரியல. இனிமே அப்படி ஆகாதுன்னு சத்தியம் பண்ண முடியாது. நீ சின்ன ஆளு. நான் உள்ள இருக்கும்போது வராத." சொல்லிவிட்டு, வந்த வழியே செங்கல் சூளைப் பக்கம் போய்விட்டது.

அந்த வாசனையைப் பற்றிய சேதி காடு முழுக்கப் போயிற்று. ஒருநாள் பழுப்புக் குட்டை நாய் ஒன்று எங்கிருந்தோ வந்து கட்டையில் காலைத் தூக்கிவிட்டுப் போயிற்று. அதன் காதில் பாதி இல்லை. பிறகு ஒரு புள்ளி நாய் வந்தது. வேலி வழியாக ஓடியவர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். கட்டையில் இப்போது எல்லா வாசனையும் இருந்தது. காக்கை இளைத்துப் போய் வேறு மரம் தேடிக்கொண்டது.

யாரும் பொட்டலைக் கைவிடவில்லை. ஓடுகிற சுகம் அப்படிப்பட்டது. ஆனால் முன்பு மாதிரி யாரும் நேரே உள்ளே நுழைவதில்லை. மதியத்தில் குட்டை நாய்கள் வந்தன. வெயில் சாய்ந்த பிறகு பெரிய நாய்கள் வந்தன. குண்டுமணியும் ஒரு மதியம் கரை மேல் நின்று, உள்ளே யார் யார் என்று பார்த்துவிட்டு, வேலி ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் இறங்கி ஓடியது. நேராக.

ஒரு இடம் நல்லதா கெட்டதா என்று தெரிய வேண்டுமானால், சிரித்துக்கொண்டு வாசல் வழியாக வெளியே வந்தவர்களை மட்டும் கேட்டால் போதாது, வேலி வழியாக ஓடிப்போனவர்களையும் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.